பக்கத்து வீட்டுக்குப் போன சூடு

நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஏசி ரிமோட்டில் எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியும், அதில் ஒரு பெருமை.

இந்தச் சித்திரை வெயிலில் தலை சுற்றி விழுந்துவிட்டேன். சென்னையில் இருக்கிற மகன் பதறிப்போய் என் அறைக்கு ஏசி மாட்டிக்கொடுத்தான். முதல் நாள் மதியம் தூங்கினேன் பாருங்கள், சங்கரன்கோவிலுக்குள் ஊட்டி வந்த மாதிரி. புளியங்குடித் தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். பால்காரரிடமும் சொன்னேன்.

ஏசியின் வெளிப்பெட்டி பக்கத்துச் சந்தில் இருக்கிறது. கையை நீட்டினால் அடுத்த வீட்டு ஜன்னல். தகரக் கூரை, ஒரே அறை. அந்த வீட்டுக்காரனுக்கு விசைத்தறியில் இரவு ஷிப்ட். பகலில்தான் தூங்க முடியும். சில நாள் கழித்து அவன் பெண்சாதி வந்து வாசலில் நின்றாள்.

"ஆச்சி, ஒங்க மிசினு விடுத அனலு நேரா எங்க வீட்டுக்குள்ள வருது. அவுக கண்ணே மூடல. நேத்து தறிகிட்ட நின்னுக்கிட்டே தூங்கிட்டாக. கை உள்ள போயிருந்தா?"

என் மருமகள் அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள். "ஒங்க வீட்லயும் பிரிட்ஜ் ஓடுதுல்லா? அதுவும் சூடுதான் விடுது. நீங்க அத நிப்பாட்டுங்க, நாங்க இத நிப்பாட்டுதோம்."

"எக்கா, அது இந்தப் பொங்கலுக்குத்தான் வாங்குனது. பிள்ளைக்குப் பாலு வைக்கோம். அதுவும் இதுவும் ஒண்ணா?"

"சூடு சூடுதான."

அவள் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் டிவியில் உலக நாட்டுக்காரர்கள் கோட்டுப் போட்டுப் பெரிய மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பேத்தி விளக்கினாள். ரொம்ப காலம் புகைவிட்டு வசதியான நாடுகள், இப்போதுதான் கரண்டைக் காண்கிற நாடுகளைப் பார்த்து, நீங்களும் குறைத்தால்தான் நாங்கள் குறைப்போம் என்கின்றனவாம்.

"எத்தன வருசமா பேசுதாங்க?"

"நான் பொறக்கதுக்கு முன்னாலருந்து, ஆச்சி."

கேட்கவே அலுப்பாக இருந்தது. "அந்த மண்டபத்துல ஏசி உண்டா?"

"இல்லாமயா?"

கூட உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மருமகள் எழுந்து உள்ளே போனாள்.

மறுநாள் மகனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "வெளிப்பெட்டிய மொட்டமாடிக்கு ஏத்தணும்லே."

"இப்பதானம்மா மாட்டுனோம். வெயில் கொறையட்டும், அடுத்த மாசம் பாப்போம்."

"வெயில் கொறஞ்ச பொறவு எதுக்குலே? மாட்டுனது நாம. மொதல்ல நாம மாத்துவோம். அவ பிரிட்ஜப் பத்திப் பொறவு பேசிக்கிடலாம்."

ஆள் அனுப்புகிறேன் என்றான். இன்னும் யாரும் வரவில்லை. அதுவரை பகலில் நான் ஏசி போடுவதில்லை. ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கிடக்கிறேன். தூக்கம் எங்கே வருகிறது?

நேற்று மதியம் சந்துப் பக்கம் குறட்டை கேட்டது. தறிச் சத்தமே தோற்கும் குறட்டை. மருமகள் வந்து ஜன்னலோரம் நின்று காதுகொடுத்துக் கேட்டாள்.

"தூங்குதான் அத்த. எந்திரிச்சு வேலைக்குப் போவட்டும், பொறவு போட்டுக்கிடலாம்."

ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, குறட்டை எப்போது நிற்கும் என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.