ஏகமனதாக முடிந்த கூட்டங்கள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். இரண்டு முறை இடம்பெயர்ந்து, இரண்டு முறையும் கட்டிங் மெசினை இழந்து, மூன்றாம் தரம் வெறும் ஊசி நூலோடு பைண்டிங் கடை தொடங்கினேன். இன்று பல்கலைக்கழகத்துக்குப் போகும் ஆய்வேடுகளில் பாதி என் கையால் கட்டியவை. ஒரு தவணை பிரதேச சபை உறுப்பினராகவும் இருந்தேன். அதையும் யாரும் தூக்கித் தரவில்லை.

சில வருடங்களுக்கு முன் சட்டத்துறை விரிவுரையாளர் ஒருவர், உள்ளூராட்சியும் ஜனநாயகமும் பற்றிய தன் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டைக் கட்டக் கொண்டுவந்தார். நாலு நாளில் ஒப்படைக்க வேண்டும், தவறினால் வேலை நிரந்தரமாகாது என்றார். பக்க ஒழுங்கு பார்க்கும்போது நாலாம் அத்தியாயத்தில் என் கை நின்றது. எங்கள் சபைத் தீர்மானங்கள் எல்லாம் ஏகமனதாக நிறைவேறியதால் அங்கே கருத்தொற்றுமை வலுவாக இருந்ததாம். அதில் குறிப்பிட்ட ஒரு கூட்டத்தில் கத்திவிட்டு வெளியேறியவனே நான்.

சொன்னால், திருத்த நாள் போதாமல் அந்தப் பிள்ளையின் வேலை போகலாம். சொல்லாமல் கட்டி, பரிசோதகர் கண்டுபிடித்தால்? குழைத்து வைத்த பசை காய்ந்துகொண்டிருந்தது. அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“ஐயா, கூட்ட அறிக்கையிலை அப்பிடித்தானே கிடக்கு?”

“அதிலை எல்லாம் ஏகமனதுதான் பிள்ளை. ஆர் ஓம், ஆர் இல்லையெண்டு எழுதப்போனால் செயலாளருக்கு வேலை கூட. நீங்கள் உறுப்பினர் ஒருத்தரையாவது கேட்டனீங்களோ?”

“கூட்ட அறிக்கைக் கொப்பியைத்தான் பாத்தனான்” என்றவரின் முகம் வெளுத்துவிட்டது.

அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பழைய உறுப்பினர்களிடம் போனேன். கொடிகாமம் சந்தையில் மரக்கறி விற்கும் ஒருவர் சிரித்தார். “நான் மேசையிலை அடிச்ச அடியிலை கிளாஸ் உடைஞ்சது. அதுவும் ஏகமனதாத்தானோ உடைஞ்சது?”

ஏழு பேர் அறிக்கையில் ஏறாத சண்டைகளைக் கதைத்தார்கள். விரிவுரையாளர் அத்தியாயத்தைத் திரும்ப எழுதி, கடைசி நாள் மதியம் கொண்டுவந்தார். கட்டிய புத்தகம் ஒரு இரவாவது பிரஸ்ஸில் இறுகிக் கிடக்க வேண்டும். எனக்கிருந்தது மூன்று மணித்தியாலம். ஈரம் காயாமலே தூக்கி அவர் மடியில் கொடுத்து, மோட்டார் சைக்கிளை முறுக்கினேன்.

“விரிச்சுப் பாக்காதேங்கோ, முதுகு பிரிஞ்சுபோம்.”

“ஐயா, மெதுவாப் போங்கோ!”

“மெதுவாப் போனால் பல்கலைக்கழகக் கந்தோரைப் பூட்டிப்போடுவாங்கள்.”

பூட்ட முன் ஒப்படைத்தோம். இன்று அவர் பேராசிரியர். ஆய்வேடு புத்தகமாகிவிட்டது. நாலாம் அத்தியாயத்தை வெளிநாட்டிலும் படிப்பிக்கிறார்களாம். ஆய்வு செய்ய வரும் பிள்ளைகளே, கொப்பியில் இருப்பதைக் கூட்டத்தில் இருந்தவனிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

புத்தகத்தில் நன்றியுரை இரண்டு பக்கம். மூன்று நாட்டுப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், நான் இல்லை. அவரிடம் நேரே சொன்னேன், இங்கும் எழுதுகிறேன்: அடுத்த பதிப்பில், கட்டிக் கொடுத்தவன் என்றல்ல, பிழையைக் காட்டியவன் என்று என் பெயர் அச்சாக வேண்டும்.