மாநில எல்லையில் கழற்றிவிட்ட ட்ரெயிலர்

ஒரு ட்ரெயிலரின் நீளத்தை எங்கிருந்து எதுவரை அளக்க வேண்டும்? வாகனத்தில் கொழுவும் இடத்திலிருந்தா, பெட்டியின் முன்சுவரிலிருந்தா? பின்னால் யாரோ ஒட்டவைத்த இரும்புத் தட்டைச் சேர்க்க வேண்டுமா, விடலாமா? போன வருடக் கோடையிலிருந்து இதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் விடை தெரியவில்லை. அந்த ட்ரெயிலர் எங்களுடையதும் அல்ல. அதன் சொந்தக்காரர் அதை விற்றும்விட்டார். ஆனாலும் பஸ்ஸில் இருந்துகொண்டு கைத்தொலைபேசியைத் திறந்தால் என் விரல் அந்தப் பக்கங்களுக்குத்தான் போகிறது.

நான் யாழ்ப்பாணத்தில் பட்டம் படித்து, திருமணமாகிக் கனடாவில் மல்வேர்னுக்கு வந்தவள். என் கணவருக்கு ட்ரக் ஓட்டும் வேலை. ஐம்பத்துமூன்று அடிப் பெட்டியை இழுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போய் வருவார். எங்களுக்கு ஒரு மகள். அப்போது நாலு வயது. எங்களோடு மாமாவும் இருக்கிறார், கணவரின் அப்பா. மாமி காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன.

மாமாவின் அக்கா பென்சில்வேனியாவில், பிற்ஸ்பேர்க்குக்குப் பக்கத்தில் மகனோடு இருக்கிறார். அவருக்கு நடமாட்டம் நன்றாகக் குறைந்துவிட்டது. அக்காவும் தம்பியும் நாட்டை விட்டு வெளிக்கிட்ட பிறகு ஒரே அறையில் இருந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவார்கள்.

"ஒருக்கா வந்திட்டுப் போவன்ரா தம்பி. நான் கண்ணை மூடினாப் பிறகே வரப்போறாய்?"

"பாப்பம் அக்கா. இவனுக்கு லீவு கிடைக்கட்டும்."

லீவு அல்ல காரணம். மாமாவுக்குச் சிறுநீரை அடக்க முடியாது. ஒரு சத்திரசிகிச்சைக்குப் பிறகு வந்த கரைச்சல். அவர் இதை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை; கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போகிற நாட்களில் விடியத் தேத்தண்ணி வேண்டாம் என்பார். விரதம் என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

ட்ரெயிலர் யோசனை என்னுடையது. கணவரின் நண்பர் ஒருவரிடம் கோடை விடுமுறையில் முகாமடித்துத் தங்குகிற பெரிய ட்ரெயிலர் இருந்தது. உள்ளே கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உண்டு. அவர் தன் பிக்அப்பையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். தெருவில் எங்கே நிறுத்தினாலும் பின்னால் ஒரு கழிவறை இருக்கும் என்று கணவர் மாமாவிடம் சொன்னார். அடுத்த நாள் மாமா போய்த் தலைமயிர் வெட்டிக்கொண்டு வந்தார்.

உடனே நான் சட்டத்தைத் தேடத் தொடங்கினேன். எதைச் செய்தாலும் முதலில் அது பிழையாகிவிடுமா என்று பார்ப்பது என் சுபாவம்.

"நான் கிழமை முழுக்க அம்பத்திமூண்டடி இழுக்கிறன். நீர் எனக்கு உந்த விளையாட்டுச் சாமானுக்கு நீளம் பாக்கிறீர்," என்று கணவர் சிரித்தார்.

"அது கொம்பனி ட்ரக். அதுக்கு வேற சட்டம். எங்களைப்போல சும்மா சுத்திப்பாக்கப் போறவைக்கு வேற. ஒவ்வொரு மாநிலத்திலயும் வேற வேற. நியூயோர்க்கில அறுபத்தைஞ்சடி, பென்சில்வேனியாவில அறுபது எண்டு கிடக்கு. இழுக்கிற வாகனத்தையும் சேர்த்து."

"அப்ப எங்கட எவ்வளவு?"

"அம்பத்தைஞ்சு."

"பிறகென்ன? சட்டம்பி வாத்தியார் பாஸ் பண்ணிட்டார், வெளிக்கிடுவம்."

அந்த ஐம்பத்தைந்தை நான் அளந்து எடுக்கவில்லை. ட்ரெயிலரின் பக்கத்தில் பெயரோடு 33 என்று பெரிதாக எழுதியிருந்தது. அதை நீளம் என்று எடுத்து, பிக்அப்பின் நீளத்தைக் கூட்டினேன்.

முதல் நாள் பயணத்தை நினைத்தால் இன்றும் சந்தோஷமாக இருக்கிறது. அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. மாமா முன்னால், கணவருக்குப் பக்கத்தில். நானும் மகளும் பின் இருக்கையில். கணவர் அடிக்கடி ஓய்வு இடங்களில் நிறுத்தினார். மாமா இறங்கி, டயர்களைப் பார்ப்பதுபோல் குனிந்து குனிந்து பின்னால் போவார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "காத்து எல்லாம் சரியாத்தான் நிக்குது," என்பார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பின்னேரம் தானாகவே தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார். நான் செய்த காரியம் சரியாக வந்துவிட்டது என்று எனக்குள் ஒரு பெருமை ஏறிக்கொண்டிருந்தது.

அன்றிரவு நியூயோர்க்கின் கடைசித் தொங்கலில், ஏரிக்கரையோரம் ஒரு முகாம்வெளியில் தங்கினோம். அங்கிருந்து பென்சில்வேனியா எல்லை பக்கம்தான். காலையில் பாண் வாட்டிக்கொண்டு நின்றபோது, சும்மா இன்னொருமுறை வாசித்துப் பார்ப்போம் என்று கைத்தொலைபேசியை எடுத்தேன். பெயரில் இருக்கிற எண்ணை நம்ப வேண்டாம், அது பெட்டியை மட்டும் குறிப்பதாக இருக்கலாம், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொழுவியையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். 

கணவர் சுத்தியல், குறடு வைத்திருக்கும் ஆயுதப் பெட்டியிலிருந்து அளவுநாடாவை எடுத்தேன். ஒரு முனையை மகள் பிடித்தாள். நாடா போதவில்லை, கல் வைத்து அடையாளம் செய்து திரும்பத் திரும்ப அளந்தேன். பக்கத்து இடத்தில் நாற்காலி போட்டு இருந்த வெள்ளைக்கார மனிதர் எழும்பி வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். தான் இத்தனை வருடமாக வருவதாகவும், யாரும் இறங்கி அளந்ததை இன்றுதான் பார்ப்பதாகவும் சொல்லிச் சிரித்தார். பின்னால் ஜெனரேட்டர் வைப்பதற்கு நண்பர் ஓர் இரும்புத் தட்டு பொருத்தியிருந்தார். அதையும் சேர்த்தால் பிக்அப்போடு அறுபத்தொரு அடி. சேர்க்காவிட்டால் அறுபதுக்குள்.

"தட்டைக் கழட்டேலாதோ?"

"அது வெல்ட் பண்ணிக் கிடக்கு. விடும், ஓரடிதானே. உவங்கள் எங்களைப் பிடிச்சு அளக்கவே போறாங்கள்?"

"பிடிச்சா? உங்கட லைசன்சில ஏதும் விழுந்தா? நாளைக்குக் கொம்பனிக்காரன் கேட்டா, தெரியாமச் செய்தனான் எண்டு சொல்லவும் ஏலாது. தெரிஞ்சுதானே போறம்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். லைசன்சில்தான் எங்கள் வீடு ஓடுகிறது. இந்தச் சொல் அவரை நிறுத்தும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

மாமா மடிப்பு நாற்காலியில் கோப்பையோடு இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "பிள்ளை சொல்லுறது சரி," என்றார். "சட்டமெண்டாச் சட்டம்தான். இதை இஞ்ச விட்டிட்டுப் போவம். ரண்டரை மணித்தியாலம்தானே? பின்னேரம் திரும்பி வாறம்." சொல்லிவிட்டுக் கோப்பையை மேசையில் வைத்தார். தேத்தண்ணி பாதிக்குமேல் இருந்தது. நான் அதைக் கண்டேன். ஊற்றிவிட்டுக் கோப்பையைக் கழுவினேன்.

ட்ரெயிலரைக் கழற்றிவிட்டு பிக்அப்பில் போனோம். எல்லை தாண்டியதும் ஓய்வு இடத்தில் நிறுத்தினோம். மாமா போய் வந்தார். அதற்குப் பிறகு ஹைவேயில் தெருவேலை. எல்லா வாகனங்களையும் ஒரே வரிசைக்குள் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டு பக்கமும் செம்மஞ்சள் பீப்பாய்கள். ஊர்ந்து, நின்று, ஊர்ந்துகொண்டிருந்தோம்.

"இன்னும் எவ்வளவு தூரம் தம்பி?" என்றார் மாமா.

"கிட்டடிதான் அப்பா. உந்த வேலை முடியுற இடம் வந்திட்டால் சரி."

கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதையே கேட்டார். அக்காவைப் பார்க்கிற அவசரம் என்று நினைத்தேன். அவருடைய கை கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தது. கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. நான் அந்த வாகனத்தில் இல்லாதிருந்தால், அப்பாவும் மகனும் மட்டும் என்றால், அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் புல்லுப் பக்கம் திரும்பி நின்றிருப்பார். மருமகள் பின்னால் இருக்கும்போது அவர் எப்படிக் கேட்பார்? நானாவது இறங்கி, மகளுக்குக் காற்று வேண்டும் என்று ஏதாவது சொல்லி, தூரப் போய் நின்றிருக்கலாம்.

முதலில் கண்டது மகள்தான்.

"அம்மா, அப்பப்பாக்கு அக்சிடென்ட்."

  டேகெயாரில் பிள்ளைகள் உடுப்பை நனைத்துவிட்டால் எப்படிச் சொல்லுவார்களோ அதே குரலில், "இட்ஸ் ஓகே அப்பப்பா. எல்லாருக்கும் அக்சிடென்ட் வரும். என்ட பாக்ல எக்ஸ்ட்ரா பான்ற்ஸ் இருக்கு," என்று தன் முதுகுப் பையை முன்னால் நீட்டினாள்.

நான் அவளுடைய வாயைப் பொத்தினேன். அவள் அழத் தொடங்கினாள். மாமா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய பிடரி மட்டும் எனக்குத் தெரிந்தது. புதிதாக வெட்டிய தலைமயிர்.

மாற்றுடுப்பெல்லாம் ட்ரெயிலரில் இருந்தது. தெருவேலை முடிந்ததும் முதலில் வந்த பெரிய கடையின் வாகனத் தரிப்பிடத்தில் நிறுத்தினோம். கணவர் உள்ளே ஓடிப்போய் ஒரு சோடி உடுப்பு வாங்கி வந்தார். நான் மகளைக் கூட்டிக்கொண்டு தள்ளுவண்டிகள் நிற்கிற தொங்கல்வரை போய், அவற்றை எண்ணச் சொல்லிக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது மாமா வாகனத்துக்கு வெளியே நின்றார். கால்சட்டை நீளம். கீழே இரண்டு மடிப்பு மடித்திருந்தார். முன் இருக்கையில் கணவர் தன் ஜக்கெற்றை விரித்திருந்தார்.

"வெளிக்கிடுவமே?" என்றார் மாமா, கணவரைப் பார்த்து.

அக்காவின் வீட்டில் மேசை நிறையச் சாப்பாடு. அவர் சோபாவின் ஒரு பக்கமாக இருந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார். "இஞ்ச வா. வந்து இதில இரு."

"பரவாயில்லை அக்கா. எனக்கு இது வசதி," என்று மாமா சாப்பாட்டு மேசையின் மரக்கதிரை ஒன்றை இழுத்து, அறையின் மறுபக்கத்தில் போட்டு இருந்தார்.

"உதென்ன, கச்சேரியில கையெழுத்து வாங்க வந்த ஆள்மாதிரித் தூர இருக்கிறாய்? இஞ்ச வாவன்ரா."

"முதுகு நோ, அக்கா. சோபா சரிவராது."

அவர் அந்த இடத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். மாமா எழும்பவில்லை. அந்தச் சோபாவை அவர் ஏன் தொடமாட்டார் என்று அங்கே எனக்கும் கணவருக்கும் மட்டும் தெரியும். பிறகு மகள் எல்லோருக்கும் கேட்க, "அப்பப்பா நியூ பான்ற்ஸ் போட்டிருக்கிறார்," என்றாள். நான் பலகாரத் தட்டிலிருந்து ஒரு வாய்ப்பனை எடுத்து அவளுடைய கையில் திணித்தேன்.

"ஓ! அக்காவைப் பாக்கவெண்டு புதுக் களிசானே போட்டுக்கொண்டு வந்தவன்?" என்று அக்கா கைகொட்டிச் சிரித்தார். "அதுதான் மடிப்புக் குலையாம இருக்கப் பாக்கிறார் துரை!" எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

விடைபெறும்போது வாசலில் நின்று அக்காவின் தலையை ஒருதரம் தடவினார். அவ்வளவுதான். அங்கே ஒரு வாய் தண்ணீர்கூட அவர் குடிக்கவில்லை.

கணவர் இதற்காக என்னை ஒரு சொல் சொன்னதில்லை. நானாகவே கேட்டபோது, "நீர் சட்டத்தைப் பாத்தீர். அப்பாவைப் பாக்கவேண்டியது நான். நான் பாக்கேல்லை," என்றார். என்னை ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். ட்ரெயிலர் பின்னால் வந்திருந்தால், அந்த நெரிசலில் மாமா இறங்கி நாலு எட்டில் அதற்குள் ஏறியிருப்பார். அல்லது அதற்கு முன்னமே பொலிஸ் மறித்திருக்கும், கணவருக்கு வேலையில் கேள்வி வந்திருக்கும். இரண்டில் எது நடந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓர் இணையப் பக்கத்தில் தட்டு சேராது, கொண்டுபோயிருக்கலாம் என்று வாசித்து நெஞ்சு இடிந்துபோவேன். இன்னொன்றில் சேரும் என்று வாசித்து ஆறுதல் அடைவேன். அப்படி ஆறுதல் அடைவதை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது.

அன்றிலிருந்து மாமா என்னோடு நேரே பேசுவது குறைந்துவிட்டது. நான் அறைக்குள் வந்தால் ஏதோ வேலை இருப்பதுபோல் எழும்பிப் போகிறார். உப்பு வேண்டுமென்றால் மகளிடம், "அம்மாட்டைக் கேள்," என்கிறார். கோபம் என்றால் எனக்குத் தாங்கலாம். அது கோபம் இல்லை. என்னைக் கண்டால் அவருக்குக் கூச்சம்.

இந்த ஆவணியில் அக்காவுக்கு எண்பது வயது நிறைகிறது. பிள்ளைகள் சின்னதாக ஒரு சாப்பாடு வைக்கிறார்கள். தம்பி வராமல் கேக் வெட்டமாட்டாராம். மாமா முழங்கால் நோகுது என்று சொல்லிவிட்டார். கணவர் வேறு ஒரு சின்ன ட்ரெயிலர் வாடகைக்குப் பார்த்திருக்கிறார், எந்த மாநிலத்திலும் பிரச்சினை வராத அளவில். மாமா அதற்கும் தலையாட்டவில்லை. ட்ரெயிலரில் இல்லை பிரச்சினை என்று நான் நினைக்கிறேன். அதே வாகனத்தில், அதே பின் இருக்கையில் நான் இருப்பேன்.

நானும் மகளும் வீட்டில் நிற்கிறோம், நீங்கள் இரண்டு பேரும் போங்கள் என்று கணவரிடம் சொன்னேன். "நீர் வராட்டி ஏன் வரேல்லை எண்டு பிற்ஸ்பேர்க் மாமி கேப்பா. அப்பாக்கும் காரணம் தெரியும்," என்கிறார். அதுவும் சரிதான். சிறுநீரை உறிஞ்சுகிற, பெரியவர்கள் அணிகிற உள்ளாடைப் பொதி ஒன்று மருந்துக்கடையில் வாங்கி, குளிர்கோட்டுகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அதை எப்படிக் கொடுப்பது என்று கணவருக்கும் தெரியவில்லை. என் மாமியார் உயிரோடு இருந்திருந்தால் இதெல்லாம் எங்கள் காதுக்கே வந்திருக்காது.

இதை வாசிக்கிறவர்களில் வயதான தகப்பன்மார் யாராவது இருந்தால் உங்களிடம்தான் கேட்கிறேன். மருமகள் வந்து, எனக்குத் தெரியும் மாமா, அதில் ஒன்றும் இல்லை என்று வாய்திறந்து சொன்னால் உங்களுக்குப் பாரம் குறையுமா, இன்னும் கூடுமா? அல்லது நான் காய்ச்சல் என்று ஏதாவது பொய் சொல்லி வீட்டில் நின்றுவிட்டால், அந்தப் பொய்யைப் பொய் என்று தெரிந்துகொண்டே அவர் அக்காவிடம் போய் வருவாரா? ஆவணிக்கு முன்னர் எழுதுங்கள். நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.