என்ஜினுக்குள் தண்ணீர்

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் உள்ள மாசாயில் குடியிருந்தபோது ஒரு பழைய டர்போ கார் வாங்கினேன். வெயில் நேரத்தில் மேடு ஏறினால், தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்குவது போல் என்ஜினுக்குள் சத்தம் கேட்கும். அதிகச் சூட்டில் பெட்ரோல் தாறுமாறாகப் பற்றிக்கொள்ளும் சத்தம் அது.

என் மனைவியின் தம்பிக்கு சிங்கப்பூரில் பம்பு பழுதுபார்க்கும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, காரின் பின்பெட்டியில் ஒரு சிறு தொட்டியும் பம்பும் பொருத்தினான். என்ஜின் இழுக்கும் காற்றில் பம்பு தண்ணீரைப் பனிபோலத் தெளிக்கும். உள்ளே சூடு தணியும். தண்ணீர் தீர்ந்தால் எரிய, ஸ்டியரிங் அருகே ஒரு சிவப்பு விளக்கும் வைத்தான்.

"இதோட விட்டுருங்க மச்சான். சத்தம் நின்னுருச்சின்னு டர்போ பூஸ்ட ஏத்திராதீங்க."

சத்தம் நின்றது. மூன்று வாரம் கழித்து நான் பூஸ்டை, அதாவது டர்போ என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தத்தை, ஏற்றினேன். கார் பறந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை நான் தொழிற்சாலையில் இருந்தேன். மனைவி லாயாங் லாயாங் என்ற ஊரில் இருக்கும் தன் அக்காவைப் பார்க்கக் காரை எடுத்துக்கொண்டு போனாள். பாதி வழியிலிருந்து போன் செய்தாள்.

"கார் நின்னுருச்சி. பின்னால ஒரே புகை."

"சிவப்பு லைட்டு எரிஞ்சிச்சா?"

"ரொம்ப நேரமா எரியுது. அது எதுக்குன்னு என்கிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. முந்தின நாள் தொட்டியை நிரப்பவும் இல்லை.

பட்டறையில் என்ஜினைப் பிரித்தபோது ஒரு பிஸ்டனின் தலையில் சூட்டில் உருகி, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. மச்சினன் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"எவ்ளோ ஏத்துனீங்க?"

மனைவி பக்கத்தில் நின்றாள். உள்ளதைச் சொன்னேன். மச்சினன் பிஸ்டனை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வேறொரு பழைய என்ஜின் போட்டோம். தண்ணீர்த் தொட்டியைக் கழற்றிவிடலாம் என்றேன்.

"இருக்கட்டும் லா," என்றாள் மனைவி. "அது நல்லாத்தானே வேலை செஞ்சிச்சி."

தண்ணீர் தீர்ந்தால் பூஸ்ட் தானாகக் குறையும்படி மச்சினன் ஒயரை மாற்றினான். மனைவி அவனருகே குந்தி உட்கார்ந்து, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் சொன்னதைப் போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

இப்போது தொட்டியை நிரப்புவது அவள்தான். கார் பெரும்பாலும் அவளிடமே இருக்கிறது. நான் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறேன்.