பந்த் நாளில் தனியே போக விட்ட அப்பா

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணன் சொன்னதும், சரியாக எழுதிவிடுவேனா என்று கவலையாக இருந்தது. கைக்குழந்தை தூங்கும் நேரங்களில் எழுதியிருக்கிறேன். விட்டுப்போனவற்றை உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது திருப்புறத்தில். சிறு வயதிலேயே தந்தையை இழந்ததால் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஒற்றசேகரமங்கலம் பக்கத்துத் தோட்டங்களில் வாழைக்குலை எடுத்து, களியக்காவிளைச் சந்தையில் விற்றார்கள். திருமணத்துக்குப் பின் அம்மையோடு கேரள எல்லையில் பாறசாலை அருகே குடியேறினார்கள். காற்றில் தோட்டம் சாய்ந்தால், தோட்டக்காரரிடம் விளையாத குலைகளையும் விலை கொடுத்து எடுப்பார்கள். "அவனும் பிள்ளகுட்டிக்காரன்தானே" என்பார்கள்.

கடைசிப் பிள்ளையான நான் பயந்த பெண். அப்போது கேரளத்தில் பத்தாம் வகுப்புக்குப் பிறகு கல்லூரிதான். நெய்யாற்றின்கரையில் கல்லூரிக்குப் போகப் பயந்து, எல்லைக்கு அப்பால் ஒரு தமிழ்நாட்டுப் பள்ளியில் பிளஸ் டூ சேர்ந்தேன். இரண்டு வருடமும் அப்பா சைக்கிளில் பள்ளி வாசல் வரை கொண்டுவிட்டு, மாலையில் கூட்டி வந்தார்கள். "எட்டி, உனக்க அப்பாவுக்கும் அட்டெண்டன்ஸ் உண்டா?" என்று தோழிகள் கேலி செய்வார்கள்.

முதல் வருடம் நான் பெயருக்குப் பதில் சொல்வதே ஆசிரியைக்குக் கேட்காது. இரண்டாம் வருடம் கரும்பலகையில் கணக்குப் போட்டேன். புரியாததை எழுந்து கேட்டேன். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. வாசலோடு திரும்பிவிடுவார்கள் அல்லவா? எனக்கும் அந்தத் தைரியம் வகுப்பறைக்குள் மட்டும்தான் என்ற எண்ணம்.

பொதுத்தேர்வில் வேதியியல் அன்று கேரளத்தில் பந்த்.

"இன்னைக்குப் பந்தாக்கும் மக்கா. பிறகு எங்க பரீட்சை? போய்ப் படு" என்றார்கள் அப்பா. பந்த் என்றால் பள்ளி கிடையாது என்றே வளர்ந்தவர்கள் நாங்கள். நானும் புத்தகத்தை மூடிவிட்டேன். பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது.

"அப்பா, பந்த் நமக்குத்தான். பரீட்சை தமிழ்நாட்டுல உண்டு!"

அப்பா சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் சைக்கிளை எடுத்தார்கள். எல்லைக்கு ஒரு மைல் முன்பு, மறியல்காரர்கள் சாலையில் கல் போட்டு மறித்திருந்தார்கள். ஒருவர் வந்து இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டார். சந்தையில் நாலு பேரை அடக்கிப் பேசும் அப்பா, அன்று குனிந்து சக்கரத்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது நான்தான் மலையாளத்தில் சொன்னேன், எனக்குத் தமிழ்நாட்டில் பரீட்சை, அங்கே பந்த் இல்லை என்று.

"ஓஹோ! இவிட பந்த், அவிட சத்யயோ?" என்று கேட்டார் ஒரு இளைஞர். இங்கே பந்த், அங்கே விருந்தா என்று கேலி.

"சத்ய அல்ல சேட்டா, கெமிஸ்ட்ரியாணு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "எந்நால் மோள் போய்க்கோ. பரீட்ச அச்சனல்லல்லோ. அச்சன் இவிட இரிக்கட்டே" என்றார் அவர். நீ போ, பரீட்சை அப்பாவுக்கு இல்லையே, அவர் இங்கேயே இருக்கட்டும் என்று.

அப்பா என் முகத்தைப் பார்த்தார்கள். "போவியா மக்கா?"

"போயிட்டு வாறேன்ப்பா."

நடந்தேன் என்று சொல்ல முடியாது, ஓடினேன். மணி அடித்துவிட்டது, ஆனாலும் உள்ளே விட்டார்கள். மூச்சு அடங்கியதும் எழுதத் தொடங்கினேன், எல்லாம் நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்தபோது அப்பா மறியல்காரர்களோடு உட்கார்ந்து பாலில்லாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். "பாரும், தனியா வந்துட்டா!" என்று அவர்களிடம்தான் முதலில் சொன்னார்கள். அடுத்த தேர்வுக்கு என்னோடு வீட்டு வாசல் வரை வந்து நின்றுகொண்டார்கள். பின்னாளில் நெய்யாற்றின்கரைக் கல்லூரிக்கு நான் தனியாகவே போய் வந்தேன்.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு இதயநோய் முற்றியபோது, திருவனந்தபுரத்துக்கா நாகர்கோவிலுக்கா என்று நான் தடுமாறினேன். எங்கே போயிருந்தாலும் இதே மருந்துதான் என்று மருத்துவர் சொன்ன பிறகே மனம் ஆறியது. கடைசி வாரத்தில் அப்பா ஒவ்வொருவரையும் ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். வியாபாரம் அண்ணனுக்கு. அக்கா பிள்ளைகளின் படிப்பு சித்தப்பா பொறுப்பில். என்னை மட்டும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. மறந்துவிட்டார்களோ என்று உள்ளூர வருந்தினேன். மறுநாள் என் கையைப் பிடித்து, "அம்மைய உனக்குத் தாறேன் மக்கா" என்றார்கள். இரண்டு நாள் கழித்து, வேதனையில்லாமல் தூக்கத்திலேயே போனார்கள்.

மருத்துவமனையில் துணையிருந்த உறவினர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த ஊராருக்கும், சந்தைக் கடைகளை அன்று அடைத்த வியாபாரிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கல் போட்ட சாலையில் எனக்கு வழிவிட்ட, பெயர் தெரியாத அந்த அண்ணன்மாருக்கும்.

அப்பா, அம்மை என்னோடுதான் இருக்கிறார்கள். மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுகிறார்கள். குழந்தைக்குச் சோறூட்டுவதில் என்னோடு சண்டையும் பிடிக்கிறார்கள். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.