அண்ணன் பின்னால் எடுத்து வைத்த அடி

அண்ணனின் மகள் செல்வி அவருடைய இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். யாருடைய பெயர் விட்டுப்போகுமோ, யார் மனம் நோகுமோ என்று நினைத்து எழுதிய தாளையெல்லாம் கிழித்துப் போட்டேன். பிழை இருந்தால் சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் எழுதிய கடைப் பலகைகளில் பிழை இருந்ததில்லை. தம்பி எழுதியதை வைத்து அவரை எடைபோட வேண்டாம்.

அண்ணன் பிறந்தது கொட்டாரத்துக்குக் கிழக்கே, எங்கள் அப்பா வயலைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து நெல் பயிரிட்ட ஊரில். அப்பா வரப்பில் பாம்பு கடித்து இறந்தபோது அண்ணனுக்கு மீசை கூட முளைத்திருக்கவில்லை. அம்மா, இரண்டு தங்கைகள், கடைக்குட்டியாக நான், எல்லோரும் அவர் தலையில் விழுந்தோம். வயல் வேலை அவருக்குக் கைவரவில்லை. நாகர்கோவிலில் ஒரு பெயிண்டரிடம் போய்ச் சேர்ந்து பலகை எழுத்து பழகினார். தங்கைகளைக் கட்டிக்கொடுத்தது, வீட்டுக்கு ஓடு போட்டது, அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தது எல்லாம் அந்தப் பிரஷால்தான்.

கடைப் பலகை எழுதுகிறவருக்கு ஒரு சங்கடம் உண்டு. பக்கத்தில் நின்று எழுதும்போது வரி சாய்ந்திருக்கிறதா, எழுத்துக்கு எழுத்து இடைவெளி ஒத்திருக்கிறதா என்று தெரியாது. இறங்கித் தூரத்தில் போய் நின்று பார்க்க வேண்டும். மற்ற பெயிண்டர்கள் திரும்பி நடந்து போய்ப் பார்ப்பார்கள். அண்ணன் அப்படி இல்லை. பலகையில் வைத்த கண்ணை எடுக்காமல் பின்னடியாகவே ரோட்டுக்குள் போவார். கோட்டாற்றுக் கடைத்தெருவில் சைக்கிளும் சுமைவண்டியும் பஸ்ஸும் இடித்துக்கொண்டு வரும். "எலே, பின்னால வந்து நில்லு" என்பார். படிப்பை விட்டபின் எனக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, வருகிற வண்டிக்குக் கை காட்ட வேண்டும். எனக்கு இயல்பிலேயே பயம் அதிகம். அந்த வேலைக்கு அது தோதாகவும் இருந்தது.

அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் இதைப் பார்த்துச் சிரிப்பார்.

"வே, இது நடையா டான்ஸா? உம்ம தம்பி மட்டும் இல்லன்னா உம்ம பேர வேற ஆளுதான் பலகையில எழுதணும்."

"அவன் நிக்கது வரைக்கும் பஸ்ஸுக்காரனுக்குத்தான் பயம், பாய். எனக்கு ஒண்ணும் இல்ல."

எல்லாம் பார்த்து மனம் நிறைந்தால் அண்ணன் என் பக்கம் தலையைச் சாய்த்து, "சரியா இருக்குலே" என்பார். அதைச் சொல்லிவிட்டால் அந்த வேலை முடிந்தது. கடைக்காரர் ஓரத்தில் ஒரு பூ வரையச் சொன்னாலும் தொடமாட்டார். பிரஷைக் கழுவத் தொடங்கிவிடுவார். மனம் நிறையாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஏணியில் ஏறுவார். ஒப்புக்கு ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அவருக்கு ஆட்டத்தின் மேல் இருந்த ஆசையை நம் குடும்பத்தில் அறியாதவர்கள் இல்லை. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நையாண்டி மேளம், மாதா கோயில் திருவிழாவுக்கு பேண்டு செட், கல்யாண வீட்டு ரேடியோ, எதுவென்று பார்க்க மாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிவிட்டு இறங்கிவிடுவார். குடித்துவிட்டு ஆடுகிறார் என்று சிலர் பேசினார்கள். அண்ணன் குடித்ததில்லை. அம்மா இருந்தவரை, "வெள்ளாமைக்காரன் வீட்டுப் பிள்ளை மேளத்துக்கு முன்னால குதிக்கதா" என்று அழுவாள். அடுத்த மேளம் கேட்டதும் அவர் மறுபடி இறங்கிவிடுவார்.

தோவாளைப் பக்கம் ஒரு கொடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அண்ணன் ஆடிய வேகத்தைப் பார்த்து, அம்மன் இறங்கிவிட்டது என்று ஒரு பெண் அவர் காலில் விழுந்துவிட்டாள்.

"அம்மா தாயே, எம் மவளுக்கு எப்பம் கல்யாணம் அமையும்?"

அண்ணன் பதறிப் பின்வாங்கினார். "எம்மா, எந்திரி. நான் பெயிண்டர். எனக்குச் சாமி கீமி ஒண்ணும் வரல."

சாமி வந்து ஆட வேண்டிய கோமரத்தாடி பக்கத்தில் வேர்த்து நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கோபம். "சாமி வரலன்னா பின்ன எதுக்குவே இந்த ஆட்டம்?"

"மேளம் சும்மா போகுதேன்னு பாத்தேன், அண்ணாச்சி."

சாமி வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊரில் மரியாதை கூடியிருக்கும். அம்மாவும் அழுதிருக்க மாட்டாள். அவருக்கு அது வாயில் வரவில்லை.

மயினி, செல்வியின் அம்மா, இறந்தபின் வெகுகாலம் அண்ணன் ஆடவில்லை. தெருவில் மேளம் கேட்டால் எழுந்து போய்க் கதவைச் சாத்துவார். பிறகு கண்ணில் புரை விழுந்து எழுத்தும் போயிற்று. எண்பதைத் தாண்டியபின் மூச்சு வாங்கத் தொடங்கியது. இருதயம் வீங்கியிருக்கிறது, மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னார்.

போன வருடம் எங்கள் ஊர்க் கோயில் கொடைக்குச் செல்வி மஸ்கட்டிலிருந்து வந்திருந்தாள். மத்தியானக் கொடை. அண்ணனை நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம்.

"சித்தப்பா, அப்பாவ எந்திரிக்க விட்டுராதீங்க, கேட்டேளா. டாக்டர் சொன்னது தெரியும்லா."

"நான் கையப் பிடிச்சிட்டுத்தான் இருக்கேன் மக்கா" என்றேன். பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். மேளம் கோயில் முகப்புக்கு வந்து நின்றது. அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மேளத்தைப் பார்த்தபடியே, "எலே, பின்னால வந்து நில்லு" என்றார். அந்தச் சொல் கேட்டால் எழுந்து நின்றே பழகிய உடம்பு. கையை விட்டு எழுந்துவிட்டேன். எனக்குப் பயம் வந்து சேருவதற்குள் அவர் முதல் அடியை வைத்துவிட்டார்.

செல்வி எதிரே ஓடிவந்தாள். அப்பாவின் கையைப் பிடிக்க நீட்டியும் விட்டாள். கூட்டத்தில் யாரோ, "தொடாத மக்கா, சாமி வந்திருக்கு" என்று சத்தம் போட்டார்கள். அவள் கை அப்படியே நின்றது. எல்லோரும் கும்பிட்டார்கள். நான் இரண்டு கையையும் விரித்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். கால்கள் அதிகம் எழும்பவில்லை. ஆனால் ஒரு அடி கூடத் தாளம் தப்பவில்லை. கடைசியில் செல்வியைப் பார்த்த பார்வையை எடுக்காமல், ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்தார். அவர் முதுகு என் நெஞ்சில் முட்டியது. தலையைச் சாய்த்து என்னிடம் ஏதோ சொன்னார். மேளச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு அடங்கியதும் செல்வி கேட்டாள். "அப்பா, சாமியா வந்துது?"

"இல்ல மக்கா. நான்தான்."

அன்றைக்கே படுத்தார். அடுத்த அமாவாசையைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் காலிரண்டும் வீங்கி, தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். ஒரு நாள் கீழே ரோட்டில் கல்யாண ஊர்வலம் மேளத்தோடு போயிற்று. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். அசையவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆண் பிள்ளை இல்லாததால் நான்தான் கொள்ளி வைத்தேன். "திரும்பிப் பாக்காம போணும்" என்றார்கள். பார்க்கவில்லை. சுடுகாட்டு வாசல் வரைக்கும் முதுகு கூசியது. அண்ணனுக்குப் பின்னால் ஆளில்லாமல் விட்டுவந்த நாள் அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் புரட்டிப் படுக்கவைத்த நர்ஸ் பிள்ளைகளுக்கும், அடுப்பெரியாத எங்கள் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுவந்த அடுத்த வீட்டாருக்கும், தள்ளாத வயதில் ஆட்டோ பிடித்து வந்து அண்ணன் காலடியில் உட்கார்ந்திருந்த கோட்டாற்றுப் பாய்க்கும், மேளத்தை வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்ற மேளக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. யாரையாவது விட்டிருந்தால் அது என் மறதி, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி எழுதுவது செல்விக்கு. நம் ஆட்களும் கேட்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன். இந்த வருடம் முழுக்க போனில் நீ சொல்லிச் சொல்லி அழுதாய். "சாமின்னு நம்பி விட்டுட்டேன் சித்தப்பா. சாமி இல்லியே. கையப் பிடிச்சு இழுத்திருந்தா அப்பா இருந்திருப்பாவல்லா." சொந்தத்திலும் சிலர் அப்படிப் பேசினார்கள். இழுத்திருந்தால் இன்னும் கொஞ்சநாள் இருந்திருப்பாரோ என்று நானும் விடியும் முன்னே விழித்து நினைக்கிறேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைச் சொன்னால் உனக்கு ஆறுமோ, இன்னும் குத்துமோ என்று பயந்தே இதுவரை சொல்லவில்லை.

உன் அப்பா உன்னைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்து, என் நெஞ்சில் சாய்ந்து சொன்னது, "சரியா இருக்குலே" என்பதுதான் மக்கா. அதைச் சொன்னபின் அவர் எதையும் மறுபடி தொட்டதில்லை.