போதும் அண்ணன்

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. "போதும் அண்ணன் கடை எது?" என்று கேட்டால் வாசலில் இருக்கும் காவலாளிகூடக் கையைக் காட்டிவிடுவார். படியேறினால் இடதுபக்கம், பிரிண்டருக்கு மை நிரப்பும் கடையை ஒட்டி, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய கடை. யார் எதைக் கேட்டு வந்தாலும் அதைவிட மலிவான ஒன்றை எடுத்து வைத்து "இதுவே போதும்" என்பார். அப்படி வந்த பெயர்.

இந்தக் கடை போடுவதற்கு முன்னால் அவர் ஒரு பெரிய ஷோரூமில் விற்பனையாளராக இருந்தவர். விலை உயர்ந்த மதர்போர்டு வாங்க வந்த புதுமணத் தம்பதியிடம், படம் பார்க்கவும் கணக்கு எழுதவும் இது தண்டச் செலவு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, மேனேஜர் பின்னாலேயே நின்று கேட்டுவிட்டார். அன்றைக்கே சீட்டுக் கிழிந்தது. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் வேலை பறிபோன கதையைச் சொன்னதும், "சரி, நாலு பேரை ஏமாத்தாம வந்தீங்களே" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து வைத்தாள். அவருக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. சொந்தக் கடை போட்டபோது ஏமாற்றாத கடை என்ற பெயரைத்தான் அவர் மூலதனமாக நினைத்தார்.

கண்ணாடி மேசைமேல் எப்போதும் இரண்டு மதர்போர்டுகள், கம்ப்யூட்டரின் மற்ற எல்லாம் வந்து செருகும் அடிப்பலகைகள், பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். ஒரே கம்பெனி தயாரிப்பு. ஒன்று சாதா, ஒன்று உசத்தி. இரண்டிலும் ஒரே பிராசசர்தான் உட்காரும், ஒரே ரேம்தான் செருகும் என்று தொட்டுக் காட்டுவார். உசத்தியில் ரேம் செருக நாலு இடம், சாதாவில் இரண்டு. உசத்தியில் வைஃபை கூடவே வரும், சாதாவுக்குத் தனியாக ஒரு சின்னக் குச்சி வாங்கிச் செருகினால் தீர்ந்தது. பிராசசரைச் சுற்றிக் கனமான அலுமினியக் கட்டிகள் வரிசையாக நிற்பதைக் காட்டி, "இதெல்லாம் மாப்பிள்ளை அலங்காரம்" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். சாதாவை வாங்கிக்கொண்டு போவார்கள். அநேகமாக அவர் சொன்னது சரியாகவும் இருந்தது.

அந்தப் பெண் வந்தது கோடையின் தொடக்கத்தில். தோளில் துணிப்பை, கழுத்தெல்லாம் வியர்வை. கடைக்குள் வந்ததும் எல்லாவற்றுக்கும் முதலில் விலையைத்தான் கேட்டாள். அவள் ஸ்டூலில் உட்காருவதற்குள்ளேயே அவர் மனதுக்குள் முடிவு செய்துவிட்டார். வேகமான பிராசசர் ஒன்றைக் கேட்டாள். அது சரி என்றார். பிறகு அவள் உசத்தி போர்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பிராசசர்ல காசு போடும்மா, அது வேலை செய்யும். போர்டுக்கு எதுக்கு? பெட்டியை மூடிட்டா உள்ள யாரு பாக்கப் போறா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் சாதா போர்டை அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டார். அவளும் தலையாட்டினாள். அன்று மாலையே கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுத்தார்.

வெயில் ஏற ஏற அவளிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. முதலில் நன்றாக ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் மாட்டு வண்டியாகிவிடுகிறது என்றாள். தூசியாக இருக்கும் என்றார் அவர். கடைக்குத் தூக்கி வந்தாள். தூசி தட்டி, பிராசசரின் சூட்டை இறக்கத் தடவும் பசையை மாற்றி, அரைமணி ஓட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. திரும்ப எடுத்துப் போனாள். திரும்ப அதே கதை. இன்னொரு ஃபேன் மாட்டினார். அதுவும் சரிப்படவில்லை. கடைசியில் ஒரு விடுமுறை நாளில் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக அவள் வீட்டுக்கே கிளம்பினார்.

தகரக் கூரை போட்ட மாடி அறை. ஒரு பக்கம் துணி காய்ந்துகொண்டிருந்தது. திரையில் ஒரு வீடு. கட்டாத வீடு. அதன் ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்திருந்தது, மாடிப்படியின் நிழல் சுவரில் மடங்கி ஏறியது. வீடு கட்டுகிறவர்களுக்கு, கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று படம் செய்து கொடுப்பதுதான் அவள் தொழில். ஒரு படம் முடிய பிராசசர் மணிக்கணக்காக, மூச்சு விடாமல், முழுப் பலத்தோடு ஓட வேண்டும்.

அவர் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றினார். பிராசசருக்கு மின்சாரம் ஊட்டும் சின்னச் சின்னச் சில்லுகள் அதன் ஓரத்தில் மொட்டையாக நின்றன. அங்கே விரலைக் கொண்டுபோனவர் சுரீரென்று இழுத்துக்கொண்டார். அந்தச் சூடு தாங்காமல்தான் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. அலுமினியக் கட்டிகள் இருக்க வேண்டிய இடம் அது. மாப்பிள்ளை அலங்காரம் என்று அவர் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்த இடம்.

சொன்ன நாளுக்குள் படங்கள் போய்ச் சேராததால் ஒரு பில்டர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார் என்றாள். இன்னொருவர் இந்த வாரக் கடைசிவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவள் குரலை உயர்த்தவில்லை.

"நான் என்ன வேலை செய்றேன்னு நீங்க கேக்கவே இல்லையே, அண்ணா."

காசைப் பார்த்துச் செலவு செய்கிற பெண் என்பதைத் தவிர அவளைப் பற்றி அன்றைக்கு அவர் வேறெதையும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். யூனிஃபார்மை மடித்துக்கொண்டே கேட்டாள் அவள்.

"ஆஸ்பத்திரில டாக்டர் ஆளைப் பாத்ததுமே மாத்திரை எழுதினா சும்மா இருப்பீங்களா?"

"நல்லதுக்குத்தானே சொன்னேன்."

"நல்லதுக்குத்தான். உங்களுக்கு வாங்கற மாதிரி அவளுக்கு வாங்கிட்டீங்க. ஆமா, என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் 'இதுவே போதும்'னுதான் சொன்னீங்களா?"

சிரித்தவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை கடை திறந்ததும் மேசைமேல் காட்சிக்குக் கிடந்த உசத்தி போர்டைத் துடைத்தார். அந்தப் பெண்ணைப் பெட்டியோடு வரவழைத்து, அதிலிருந்து பிராசசரையும் ரேமையும் கழற்றி உசத்தி போர்டில் மாட்டினார். கூரைச் சூடு வேண்டாம், இந்த வேலை முடிகிறவரை இங்கேயே உட்கார்ந்து செய் என்று தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தான் ஸ்டூலுக்குப் போனார். இடமில்லாததால் வாடிக்கையாளர்கள் வாசலில் நின்று பேசினார்கள். பேச்சை விட்டுவிட்டுத் திரையையே பார்த்தவர்களும் உண்டு. மை நிரப்பும் கடைக்காரர் தினமும் வந்து, "சமையலறை முடிஞ்சுதா?" என்று தன் வீட்டைக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டுப் போவார்.

பெட்டி வேகம் குறையாமல் ஓடியது. அலுமினியக் கட்டிகளைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தன, அவ்வளவுதான். படங்கள் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பொறுத்திருந்த பில்டர் அடுத்த வேலையையும் கொடுத்தார். கைவிட்டுப் போனவர் போனவர்தான், திரும்பி வரவில்லை. அந்தக் குறை போதும் அண்ணனுக்குள் ஒரு முள்ளாகவே நின்றுவிட்டது. விலை வித்தியாசத்தை வாங்கமாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அவளும் விடவில்லை. கடைசியில், அவர் மனைவியின் அக்கா கட்டப்போகும் வீட்டுக்கு அவள் காசு வாங்காமல் படம் செய்து கொடுப்பதாக ஒத்துக்கொண்ட பிறகுதான் சண்டை தீர்ந்தது.

அதன்பின் யார் வந்தாலும் முதலில் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, என்ன வேலைக்கு, எந்த அறையில் வைப்பீர்கள், எவ்வளவு நேரம் ஓடும் என்று விசாரிக்க ஆரம்பித்தார். பெரும்பாலோருக்குச் சாதாவே போதுமானதாக இருந்தது. சிலருக்கு இல்லை.

போன மாதம் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். என்ன வேலைக்கு என்று கேட்டதற்கு, செய்தி படிக்க, வெளியூரில் இருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேச என்றார். பிறகு உசத்தி போர்டைக் காட்டி அதுதான் வேண்டும் என்றார். போதும் அண்ணன் நிதானமாக, இந்த வேலைக்கு இது தேவைப்படாது என்று விளக்கிச் சொன்னார். டிரைவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தெரியும் தம்பி. ஊரான் வண்டியையே ஓட்டிட்டேன் காலம் பூரா. எனக்குன்னு நல்லதா ஒண்ணு இருக்கட்டுமேன்னு ஒரு ஆசை."

அவர் அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கி, பிரிக்கும் வேலையை டிரைவர் கையிலேயே கொடுத்தார். பெரியவர் நகத்தால் மெதுவாக டேப்பைக் கிளப்பி, போர்டை இரண்டு கையாலும் ஏந்தி வெளியே எடுத்தார். அது இத்தனை கனமாக இருக்கும் என்று தான் நினைக்கவே இல்லை என்றார்.