மாமாவின் வயலின்

ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவோடு ஒரு நாளாவது மேடையேறி வயலின் வாசித்துவிட வேண்டும் என்பது தையற்கடை மாமாவின் ஆசை. எங்கள் ஊருக்கு வந்த ஒரு குழுவுக்கு வயலின் வாசிக்க ஆள் தேவைப்பட்டது. ஆள் முகம் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாதென்று, உள்ளூர்க்காரர்களைத் திரைக்குப் பின்னால் வாசிக்கச் சொன்னார்கள். மாமாவின் முறை வந்ததும் பயந்துபோய் வயலினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். துணைக்குப் போன அத்தை வயலினைப் பிடுங்கி வாசித்துவிட்டாள்.

"பிரமாதம்! வெளிய வாங்க," என்றார் குழுத்தலைவர். இருவரும் வந்தார்கள்.

"வாசிச்சது யாரு?"

"வயலின் என்னோடது சார்," என்றார் மாமா.

"நான் அதைக் கேக்கலையே!"

"நான்தாங்க. இவரு கடைக்குப் போனதும் எடுத்து வாசிப்பேன்," என்றாள் அத்தை.

"அப்போ நாளைக்கு நீங்க வந்திடுங்கம்மா."

மாமாவின் முகம் தொங்கியது. பிறகு தொண்டையைச் செருமினார். "என் வயலினை நான் தனியா எங்கயும் அனுப்புறதில்ல சார்."

"இவரும் மேடையிலயே உக்காரட்டும் சார்," என்றாள் அத்தை. "எனக்குப் பாட்டு நோட்டுல பக்கம் திருப்ப ஆள் வேணும்ல?"